மல்லாந்து கிடக்கும் டரான்டுலாவைத் தொடாதீர்கள்

வீட்டில் வளர்க்கும் டரான்டுலா (ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி) மூன்று வாரமாக இரை எடுக்கவில்லை, இன்று மல்லாந்து கிடக்கிறது, செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தோலுரிக்கிறது. தயவுசெய்து புரட்டிப் போடாதீர்கள். சாகும் டரான்டுலா பொதுவாக நின்ற நிலையிலேயே கால்களை உடலுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். காலை நீட்ட உடல்நீரின் அழுத்தம் வேண்டும், அது குறைவதால்தான் அப்படி. மல்லாக்கும் முன்பே வயிற்றின் மேல்பக்கம் ரோமம் உதிர்ந்த இடம் கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், தோலுரிப்புதான்.

கூண்டில் உயிருள்ள பூச்சி இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். புதுத் தோல் மெத்தென்றிருக்கும், பூச்சி கடித்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருக்கட்டும், சிலந்திமேல் தெளிக்க வேண்டாம். சில மணி நேரத்தில் முடியும். பெரியதென்றால் ஒரு நாள்கூட ஆகலாம். பிறகு நச்சுப்பல் வெள்ளை மாறிக் கறுக்கும்வரை, 7 முதல் 10 நாளாவது, இரை போடாதீர்கள். உரித்த தோலைக் காயுமுன் விரித்து வையுங்கள், ஆணா பெண்ணா என்று அதிலேயே பார்க்கலாம்.