கிழமைச் சந்தைக் காசு வியாழனோடு முடிந்துபோனால்

திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் ஆட்டோ ஓடுகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர், சீனி வருத்தமுள்ள மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். "சாப்பாட்டுச் சாமானுக்கென்று கிழமைக்கு 8,000 ரூபாய் ஒதுக்குகிறேன். ஞாயிறு சந்தைக்குப் போய் வந்தால் வீடு நிறைந்திருக்கும். வியாழன் வந்தால் காசும் இல்லை, கறிக்கும் ஒன்றும் இல்லை. பிறகு மூலைக் கடையில் கடன் கொப்பிக்குத்தான் வாங்குகிறேன். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஏழு நாளைக்கும் என்ன சமைப்பது என்று ஒரு அட்டவணை போட்டுத் தருவீர்களா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதலில் ஒன்று. இது உங்கள் கைப்பிழை என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அந்த மாதம் ஏறக்குறைய 195 ரூபாய். அதற்குப் பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்ததே தவிர, விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஐந்து பேருக்கு 8,000 ரூபாய் என்பது இறுக்கமான காசுதான். ஆனால் அதை ஏழு நாளைக்கு இழுக்கலாம்.

அட்டவணை கேட்டீர்கள். 'ஞாயிறு அறுக்குளாக் குழம்பு' என்று நான் எழுதித் தர, நீங்கள் போகிற அன்று கடல் கொந்தளித்து அறுக்குளா கைக்கெட்டாத விலையில் கிடந்தால் அந்தத் தாளை வைத்து என்ன செய்வது? திருகோணமலையில் மீன் விலையைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. ஆகவே கறியின் பெயரை எழுதாதீர்கள். எது முதலில் பழுதாகுமோ அது முதலில், எது கிடக்குமோ அது கடைசியில் என்ற ஒழுங்கை மட்டும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் சிக்கல் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. ஞாயிறு, திங்களில் மீனும் முட்டையும் பருப்பும் ஒன்றாகச் சமைபடுகின்றன. வியாழனுக்கு வெங்காயம்தான் மிஞ்சுகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். காசை இரண்டு கடித உறையில் பிரியுங்கள். ஒன்று உலர் சாமானுக்கு: அரிசி, மா, பருப்பு, பயறு, முட்டை, தேங்காய், சீனி, தேயிலை, எண்ணெய். மற்றது பச்சைச் சாமானுக்கு: மீன், மரக்கறி, இலைவகை. பச்சைச் சாமான் காசை இன்னும் இரண்டாக்கி, ஞாயிறு ஒரு பாதியும் புதன் ஒரு பாதியுமாகச் செலவழியுங்கள். ஞாயிறு மரக்கறிக் காசு முழுவதையும் கொட்டுவதால்தான் புதனுக்குள் வெண்டிக்காய் முற்றி, கீரை வாடி, பாதி குப்பைக்குப் போகிறது. அப்படி எறிகிற ஒவ்வொரு பிடியும் காசுதான்.

ஞாயிறும் திங்களும் மீனும் இலையும். செவ்வாய், புதன் கத்தரிக்காய், பயற்றங்காய், வெண்டிக்காய் மாதிரி மரக்கறியோடு பருப்பு. வியாழன் முட்டை. வெள்ளி உங்கள் வீட்டில் எப்படியும் மரக்கறிச் சாப்பாடாகத்தான் இருக்கும், அன்றைக்கு ஊறவைத்த பயறோ கடலையோ. சனி கருவாடும் பூசணிக்காயும். பூசணி, வாழைக்காய் இரண்டும் நாலைந்து நாள் மூலையில் கிடந்தாலும் கெடாது. முட்டையை வியாழனுக்கு முன் தொடாதீர்கள். பிள்ளைகள் பொரித்துக் கேட்டாலும் எட்டு முட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். வியாழன் கடைக் கொப்பியில் எழுத வேண்டி வராமல் உங்களைக் காப்பது அந்த முட்டைதான்.

அப்புறம், எதை வாங்கினால் காசுக்கு அதிகம் கிடைக்கும் என்பது. வயிறு நிரம்புவது அரிசியாலும் மாவாலும், பிள்ளைகள் வளர்வது புரதத்தால். 100 கிராம் புரதம் வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன், விலையை உங்கள் கடையில் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். மைசூர் பருப்பு என்றால் 420 கிராம் அளவில். பயறும் அவ்வளவுதான். முட்டை என்றால் 16 அல்லது 17. சோயாமீற் உலர்ந்த நிறையில் 200 கிராம் போதும். சூடை, கீரி போன்ற சின்ன மீன், தலை குடல் கழிவோடு 800 கிராம் வரை. முழு ஆடைப் பால்மா 400 கிராம் பெட்டி ஒன்று. சொசேஜஸ் என்றால் 800 கிராமுக்கு மேல் வேண்டும். ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் சொசேஜஸ் பக்கம் கை தானாகப் போகாது. பருப்பையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றில் குறைவதை மற்றது நிரப்புகிறது. ஆகவே பருப்புச் சோறு ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சோயாமீற்றோடு வருகிற சுவைத்தூளில் உப்பு அதிகம், அதைப் பாதி மட்டும் போடுங்கள்.

பால்மாவை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. அது பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும், பெரியவர்களுக்குப் பிளேன்டீ போதும். அந்தத் தேத்தண்ணியையும் சாப்பிட்ட கையோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலையில் உள்ள தனின் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதற்கு மாறாக, முருங்கையிலைச் சுண்டலில் கடைசியாகப் பிழிகிற அரைத் தேசிக்காய் இரும்பைச் சேரவைக்கும். முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலியில் கல்சியம் நிறைய உண்டு.

மீனைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். சந்தை முடிகிற நேரத்தில் கூறு விலை இறங்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். மரக்கறிக்கு அந்த நேரம் நல்லது, மீனுக்கு அவ்வளவு நல்லதில்லை. சூரை, கும்பிளா, சாளை, சூடை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடி, வாந்தி வரும். நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். ஆனால் எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழியாமல் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி நிற்காமல் சதை எழும்ப வேண்டும். காலையில் வந்த சின்ன மீனில் ஒரு கிலோ, மதியம் வரை வெயிலில் கிடந்த மலிவுச் சூரை இரண்டு கிலோவை விட மேல். பிரிட்ஜ் இல்லாத வீடு என்பதால், வந்தவுடன் கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி அன்றைக்கே முழுவதையும் சமைத்துவிடுங்கள். ஒரு பங்கைக் குழம்பாக்கி, மற்றப் பங்கைக் கொறுக்காப்புளி போட்டுத் தண்ணீர் வற்றத் தீயலாக எடுங்கள். இரவு ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்து மூடி வைத்தால் தீயல் திங்கள் மதியத்துக்கு வரும். அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

சரி, தேங்காய். 2024 கடைசியிலிருந்து அது ஏறிய ஏற்றத்தில், பல வீடுகளில் மீனை விடத் தேங்காய்க்கே காசு போகிறது. பருப்புக்குப் பால், மீனுக்குப் பால், சொதிக்குப் பால், பிறகு சம்பல் என்று போனால் ஐந்து பேருக்கு ஒரு காய் போதாது. ஒரு நாளைக்குத் தேங்காய்ப்பால் ஒரே கறிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் புளியில் நிற்கட்டும். பருப்பை மஞ்சளோடு அவித்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் பால் இல்லாமலே ருசிக்கும். பால் எடுக்கிற நாளில் வெதுவெதுப்பான தண்ணீர் அரைக் கோப்பை விட்டு நன்றாகப் பிசைந்து, முதற்பாலைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் கறி அவியட்டும், முதற்பால் இறக்குகிற நேரத்தில் போகட்டும். பிழிந்த தேங்காய்ப்பூவை எறியாதீர்கள். அது ரொட்டி மாவுக்குள் போகலாம். ஒரு பிடி பிழியாத பூ மட்டும் இலைச் சுண்டலுக்குக் கட்டாயம் (யாழ்ப்பாணத்தார் இதையே வறை என்பார்கள்). முருங்கையிலை, பொன்னாங்காணியில் உள்ள உயிர்ச்சத்து ஏ உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும், காலையிலும் பின்னேரத்திலும் ஓட்டை இருந்தால் காசு நிற்காது. வேறொரு தாய் தன் கடைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்து நாளில் அரிசி என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. பாண், பிஸ்கட், பாண், நூடில்ஸ் பக்கற், பாண், மிக்சர் என்று பக்கம் நிறைந்திருந்தது. உங்கள் கொப்பியையும் ஒருமுறை இப்படி வாசித்துப் பாருங்கள். ஒரு இறாத்தல் பாண், அதாவது 450 கிராம், அதில் இருக்கிற மா ஏறக்குறைய 300 கிராம்தான். ஒரு கிலோ மா மூன்று இறாத்தல் பாணுக்குச் சமம். ஒரு கிலோ மாவின் விலையையும் மூன்று பாணின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். காஸ் செலவைக் கழிக்க மறக்க வேண்டாம். சீனக்குடாவில் மா ஆலை இருப்பதால் மா நமக்கு மலிவாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கோதுமை வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது. அரிசியோ தம்பலகாமத்து வயலில் விளைகிறது. கிழமையில் மூன்று நாளாவது காலையில் அரிசிமாப் புட்டு, இடியப்பம் என்று போங்கள். மற்ற நாட்களுக்கு ரொட்டி, அவித்த பயறு. வியாழன் இரவு ஊறப்போட்டு ஒரு நாள் முளைகட்டவிட்ட பயறு சனிக்கிழமைக் காலைக்கு வரும், முளைகட்டியதில் உயிர்ச்சத்து சீயும் உண்டாகும்.

மாமியாருக்குத் தனிச் சமையல் வேண்டாம். அதே கறிதான், சாப்பாட்டுக் கோப்பையில் அளவுதான் மாறும். பாதிக் கோப்பை மரக்கறியும் இலையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ. தவிட்டோடு உள்ள சிவப்பரிசி கிடைத்தால் நல்லது. குரக்கன் புட்டு நல்லதென்று இரண்டு குழல் சாப்பிட்டால் அதுவும் சீனியை ஏற்றும். மருந்தின் அளவைச் சாப்பாட்டை வைத்து நீங்களாக மாற்றாதீர்கள், அதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

சோறு மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுச் சுண்டில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கிறது என்று ஒருமுறை கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 80 இலிருந்து 100 கிராம் அரிசி என்று கணக்கு வைத்தால் ஐந்து பேருக்கு அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் போடுகிறது எல்லாம் பழஞ்சோறாகத்தான் மிஞ்சும்.

உங்கள் வீட்டுக்காரரின் உழைப்பு நாளுக்கு நாள் கூடும் குறையும். ஆகவே நல்ல ஓட்டம் உள்ள நாளில் வருகிற மேலதிகக் காசை அந்தக் கிழமையின் சாப்பாட்டுக்குள் கரைக்காமல், கடைக் கொப்பிக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். கொப்பி முடிந்தபின் அதே காசில் கருவாடு வாங்கிச் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கிக் கடல் கரடுமுரடாகிவிட்டால் மீன் வரத்துக் குறைந்து விலை ஏறும். கிழக்குக் கரை அமைதியாக இருக்கிற ஆவணி, புரட்டாதியிலேயே நெத்தலிக் கருவாடு இரண்டு கிலோ வாங்கி, வீட்டு வெயிலில் இன்னொருமுறை மொறுமொறுக்கக் காயவைத்து, ஈரம் இல்லாத போத்தலில் இறுக்கி மூடி வையுங்கள். சமைக்கும்போது அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு தரம் கழுவினால் உப்புக் குறையும்.