வெளி மாட்யூல் பொருத்தினால் ஹைபிரிட் பேட்டரி வாரண்டி போய்விடுமா?

கேள்வி: மூன்று வருடம் முன்பு புதிதாக வாங்கிய பிளக்-இன் ஹைபிரிட் கார் என்னுடையது. பெட்ரோல் எஞ்சின் சீக்கிரம் கிளம்பாமல் கரண்டிலேயே அதிக தூரம் ஓடும் என்று விளம்பரம் பார்த்து, கார் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத கன்ட்ரோல் மாட்யூல் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தினேன். நான்கு மாதத்தில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு முறை இறங்கியது. பிறகு ஹைபிரிட் சிஸ்டம் கோளாறு என்று எச்சரிக்கை காட்டி கார் நின்றுவிட்டது. பெரிய பேட்டரிக்கு வாரண்டி பாக்கி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் மாட்யூலைப் பார்த்ததும் வாரண்டி முழுக்க ரத்து என்கிறார்கள். விற்றவரோ, இறக்குமதி சரக்கு, நான் பொறுப்பில்லை என்கிறார். நான் செய்தது குற்றமா? மாட்யூலைக் கழற்றிவிட்டுப் போய்ப் பேசலாமா?

பதில்: கழற்றாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். இப்போது கழற்றினால் மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். உங்களுக்குச் சாதகமாகப் பேசக்கூடிய சாட்சியும் அந்த மாட்யூல்தான். அது எந்தக் கம்பியில் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் எதையாவது தொட்டிருக்கிறதா என்பதை சர்வீஸ் சென்டர் ஆள் முன்னிலையில் போட்டோ எடுத்து, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஆரஞ்சுக் கேபிள் பக்கம் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்கேன் ரிப்போர்ட். காரில் உள்ள எல்லா இசியூக்களிலிருந்தும் (காரின் சிறு கம்ப்யூட்டர்கள்), கோளாறு கோடுகளோடு (fault code, பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) ஃப்ரீஸ் ஃபிரேம் விவரமும், அதாவது கோளாறு வந்த நொடியில் பதிவான அளவுகளும் சேர்த்துக் கேளுங்கள். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பும், கோடுகளை அழிப்பதற்கு முன்பும் எடுத்ததாக இருக்க வேண்டும். அழித்துவிட்டுத் திரும்ப எடுத்த ரிப்போர்ட்டால் பெரிய பயன் இல்லை. அதை மின்னணு ஆவணமாகத் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய அதினியம் 2023-ன் 63(4) பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொள்வதில்லை என்றாலும், சான்றிதழ் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு ஆட்சேபணை குறையும்.

உங்கள் வழக்கே அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. பி0ஏஏ6 (P0AA6) வந்திருந்தால் அது உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் மின்காப்பு (இன்சுலேஷன்) குறைந்ததன் அடையாளம். மின் வாகனப் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் 100-ஆம் ஒழுங்குமுறை நேர்மின் (டிசி) பகுதிக்கு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் காப்பு கேட்கிறது. 350 வோல்ட் பேட்டரி என்றால் 35,000 ஓம். தண்ணீர் இறங்குவது, கூலன்ட் கசிவு, ஏசி கம்ப்ரசர், உரசிய கேபிள் ஆகியவை வழக்கமான காரணங்கள். கேன் கம்பியில் (CAN, இசியூக்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் இரட்டைக் கம்பி) மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு 12 வோல்ட் பெட்டி இதைச் செய்தது என்று சொல்பவர் எப்படி என்று விளக்கியாக வேண்டும். மாறாக, செல்களின் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, சில செல்கள் கம்பெனி வைத்த எல்லைக்குக் கீழே இறங்கியிருக்கின்றன என்று ரிப்போர்ட் காட்டினால் உங்கள் நிலை பலவீனம். பேட்டரி சார்ஜ் அளவைப் பொய்யாகக் காட்டி எஞ்சினைக் கிளம்பவிடாமல் செய்யும் வகை மாட்யூல் என்றால் சந்தேகம் நேராக அதன் மேல்தான் விழும்.

மூன்றாவது சாத்தியமும் உண்டு. அவசரத்தில் இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர்கள் (பெரிய மின் சுவிட்சுகள்) 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. 12 வோல்ட் பேட்டரி இறங்கிப் போனால் நல்ல பெரிய பேட்டரியும் கோளாறு போலத் தெரியும். யு எழுத்தில் தொடங்கும் தொடர்பு இழப்புக் கோடுகள் வரிசையாக விழும். முதல் ஸ்கேன் எடுத்தபின் 12 வோல்ட் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். காரை அணைத்து, அதன் இசியூக்கள் எல்லாம் தூங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கரண்ட் போனால் மாட்யூலைச் சந்தேகப்படலாம். 300 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி நான்கு நாளில் பாதிக்கு மேல் காலி. கடைசியாக, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாட்யூல் சேர்த்த கேன் கம்பி இரண்டுக்கும் நடுவே ஓம் அளக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 60 வர வேண்டும், இரண்டு முனையிலும் 120 ஓம் இருப்பதால். 40 வந்தால் மாட்யூலுக்குள் மூன்றாவது 120 ஓம் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த அளவு விற்றவருக்கு எதிராக உங்களுக்குப் பயன்படும்.

என் யோசனை: 12 வோல்ட் பேட்டரி செலவை கார் கம்பெனியிடம் கேட்காதீர்கள். மாட்யூலால் இறங்கியதாகவே இருக்கலாம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு பெரிய பேட்டரிக்கு மட்டும் போராடுங்கள். வாரண்டிப் புத்தகத்தில் மாற்றம் செய்தாலே எல்லாம் ரத்து என்று இருக்கிறதா, மாற்றத்தால் ஏற்பட்ட பழுதுக்கு மட்டும் விலக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால், விலக்கைக் கேட்பவர்தான் மாட்யூலால் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். ஆகவே, எந்தப் பாகம், எந்தக் கோடு, மாட்யூலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, வாரண்டியின் எந்த நிபந்தனை என்று நான்கு கேள்வி எழுதி, எழுத்தில் பதில் கேளுங்கள். முதல் வகை நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க நினைத்தால் மாவட்ட ஆணையத்தில் முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

குற்றமா என்ற கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் மாட்யூல் எரிபொருள் வகையையோ எஞ்சினையோ மாற்றவில்லை என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. அதே வருடம் வந்த திருத்தத்தால் சேர்ந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு (வாங்கிய பின் பாகம் பொருத்தும் ரெட்ரோஃபிட் உட்பட) உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அரசு வகுத்த விதிகளின்படி செய்த ரெட்ரோஃபிட்டுக்காக வாரண்டி ரத்தாகாது என்று 52-இலேயே ஒரு பாதுகாப்பும் உண்டு. அந்த அங்கீகாரம் இல்லாத மாட்யூலுக்கு அது கிடைக்காது. விற்றவரிடம், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதியில் சொன்ன சோதனை நிறுவனம் எதுவும் கொடுத்த சான்று இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டு வையுங்கள். காருக்குக் கடன் இருந்தால் கடன் ஒப்பந்தத்தில் மாற்றம் பற்றிய நிபந்தனையையும் ஒருமுறை படியுங்கள்.

விற்றவர் தப்ப முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 86-ஆவது பிரிவில், தயாரிப்பாளர் யார் என்று தெரியாவிட்டால், அல்லது அவருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்க முடியாவிட்டால், விற்பனையாளரே பொறுப்பாக வேண்டும். இறக்குமதி சரக்கு என்று அவர் அனுப்பிய பதில் உங்களுக்கு ஆதாரம், ஸ்கிரீன்ஷாட் வையுங்கள். எச்சரிக்கை எதுவும் தராததும் இழப்பீடு கேட்க ஒரு காரணம். அதே சட்டத்தின் 87, பொருளை மாற்றியோ தவறாகப் பயன்படுத்தியோ இருந்தால் வழக்கு நிற்காது என்று சொல்வதால், எலக்ட்ரீஷியன் மாட்யூலின் வயரிங்கை வெட்டி ஒட்டினாரா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வெட்டியிருந்தால் அவரையும் சேவைக் குறைபாட்டுக்காக எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

எந்த ஆணையம் என்பது கொடுத்த விலையைப் பொறுத்தது: 50 லட்சம் வரை மாவட்டம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநிலம். விற்றவர் மீது மட்டும் என்றால் மாட்யூல் விலையே கணக்கு. கார் கம்பெனியையும் ஒரே மனுவில் சேர்த்தால் கார் விலை வரும். மனுவோடு, அதே நுகர்வோர் சட்டத்தின் 38(2)(சி) பிரிவில் மாட்யூலையும் காரின் பதிவுகளையும் ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருங்கள். அறிக்கைக்கு 45 நாள் கெடு.

இன்சூரன்ஸில் பேட்டரிப் பழுதுக்குக் கேட்டுப் பயனில்லை. மின் பழுது வழக்கமான பாலிசியில் விலக்கு. ஆனால் புதுப்பிக்கும்போது மாற்றம் இருக்கிறதா என்று கேட்டால் உண்மையை எழுதுங்கள், இல்லையென்றால் நாளை விபத்தில் உங்கள் சொந்த சேதக் கிளைம் மாட்டிக்கொள்ளும்.

வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். சர்வீஸ் சென்டர் மறுத்த தேதி எழுத்தில் இல்லை என்றால், இன்றே பதிவு வசதியோடு ஒரு ஸ்பீட் போஸ்ட் கடிதம் அனுப்பி அந்தத் தேதியைப் பதிவு செய்யுங்கள்.