வாசகர் கேள்விகள்: பட்டாளத்துக்காரரும் பையன்களும்

பிப்ரவரி 22 நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில், சாரணர் (ஸ்கவுட்) இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பெயர் அடிபட ஆரம்பித்துவிடும். அன்று அவர் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சாரண ஆசிரியராகக் காலம் தள்ளியவன் நான் என்பது வாசகர்களுக்குத் தெரியும், லேசில் விட மாட்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அவர்தான்.

கே: சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் பிரிட்டிஷ் ராணுவத் தளபதி. காக்கி, விசில், சல்யூட் என்று எல்லாம் பட்டாளத்துக்கு ஆள் தயார் செய்வது மாதிரிதானே இருக்கிறது? (வாசகர், திண்டுக்கல்)

ப: இதே கேள்வியை அந்தக் காலத்து இங்கிலாந்திலேயே கேட்டார்கள். ஆளும் லேசுப்பட்ட ராணுவ ஆள் இல்லை. 1876-ல் பத்தொன்பது வயதில் லக்னோவுக்கு வந்து 13-வது ஹுஸார்ஸ் என்ற குதிரைப்படையில் சேர்ந்தவர், 1910-ல் லெப்டினன்ட் ஜெனரலாக வெளியே வந்தார். இடையில் பேரரசு அனுப்பிய இடத்துக்கெல்லாம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார்.

ஆனால் பட்டாளத்திலிருந்து அவர் பையன்களுக்கு எதை எடுத்து வந்தார் என்று பாருங்கள். கவாத்தை எடுத்து வரவில்லை. அவருக்குப் பிடித்தது வேவு பார்க்கும் வேலை. ஒருவராகவோ இரண்டு மூன்று பேராகவோ போக வேண்டும், காலடித் தடத்தைப் படிக்க வேண்டும், கேட்பதற்கு மேலதிகாரி பக்கத்தில் இருக்க மாட்டார், சொந்த புத்தியில் முடிவெடுக்க வேண்டும். இதைச் சிப்பாய்களுக்குச் சொல்லித்தர அவர் எழுதிய சிறு கையேடு 1899-ல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பிப் பார்த்தால், வாத்தியார்கள் அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்!

அப்புறம்தான் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவு முகாம். இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்துக்குள் இருக்கிற சின்னத் தீவு. இருபது சொச்சம் பையன்கள். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள், மீதிப் பேர் அந்த வட்டாரத்து உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த இரண்டு வகையும் ஒரே கூடாரத்தில் படுப்பதே அதிசயம். ஓநாய், காளை, அண்டங்காக்கை, குர்லூ என்ற நீர்ப்பறவை என நான்கு அணிகளாகப் பிரித்தார். அணிக்குத் தலைவன் அவர்களில் ஒரு பையன்தான். காலையில் எழுப்ப, ஆப்பிரிக்காவில் நடந்த மாட்டபெலே சண்டையிலிருந்து கொண்டுவந்த கூடூ மானின் முறுக்குக் கொம்பை ஊதுவார். ஐம்பது வயதுத் தளபதி!

என்னைக் கேட்டால் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு அந்த அணிதான். ஐந்தாறு பேர், பொறுப்பு ஒரு பையன் கையில். காக்கியும் விசிலும் எந்தப் பட்டாளத்திலும் கிடைக்கும். பதின்மூன்று வயதுப் பையனை நம்பி அவனிடம் ஆறு பேரை ஒப்படைக்கிற துணிச்சல் எந்தப் பட்டாளத்தில் உண்டு?

ஆரம்ப நாட்களில் இயக்கத்தின் மேல்மட்டத்தில் ராணுவ அதிகாரிகள் நிறையவே இருந்தார்கள் என்பதும் உண்மை. பிரான்சிஸ் வேன் என்பவர் அது பட்டாள வாடை அடிக்கிறது என்று சண்டை போட்டுப் பிரிந்து போனார். வேடிக்கை என்னவென்றால், வேனும் முன்னாள் ராணுவ அதிகாரிதான்.

கே: மாஃபெகிங் முற்றுகையில் அவர் அப்படி என்ன சாதித்தார்? (வாசகர், சிவகாசி)

ப: 1899 அக்டோபரிலிருந்து 1900 மே வரை 217 நாட்கள், தென்னாப்பிரிக்காவில் அந்தச் சிறு ஊரைப் போயர்களின் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) படை வளைத்துக்கொண்டது. ஊருக்குள் தளபதியாக இருந்த இவரிடம் ஆளும் குறைவு, பீரங்கியும் குறைவு. அதனால் ஏமாற்று வேலையில் இறங்கினார். மணல் அடைத்த பெட்டிகளை ஊரைச் சுற்றிப் பரபரப்பாகப் புதைக்கச் செய்து கண்ணிவெடி என்று கதை கட்டினார். முள்கம்பி போதாது. கம்பங்களை மட்டும் நட்டுவிட்டு, அவற்றின் நடுவே போகும் சிப்பாய்கள் இல்லாத கம்பியைக் காலைத் தூக்கித் தூக்கித் தாண்டிப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கிறவனுக்குக் கம்பி தெரியாது, கால் தூக்குவதுதான் தெரியும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் வகுப்பில் பாதிப் பையன்கள் எழுந்து நடித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அங்கே கடிதமும் செய்தியும் கொண்டுபோக ஒரு சிறுவர் படை இருந்தது. அதை அமைத்தவர் எட்வர்ட் செசில், இவருக்குக் கீழே இருந்த அதிகாரி. சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் அந்தப் படைச் சிறுவனின் படத்தைப் போட்டு ஊருக்குள் தபால்தலையே அச்சடித்தார்கள். பையன்களை நம்பிப் பொறுப்புக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கே முளைத்தது என்று சொல்வார்கள்.

இதே முற்றுகையில் கறுப்பின மக்களுக்கு வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் சாப்பாடு கிடைத்தது, பலர் பட்டினியால் செத்தார்கள். அதில் இவர் பொறுப்பு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். வீரக்கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி இதை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கே: உளவாளியாகவும் இருந்தாராமே? (வாசகி, காரைக்குடி)

ப: இருந்தார், நன்றாகப் படமும் வரைவார். பட்டாம்பூச்சி பிடிக்க வந்த பைத்தியக்கார வெள்ளைக்காரன் மாதிரி வலையோடு திரிந்து, கோட்டையின் வரைபடத்தைப் பட்டாம்பூச்சிச் சிறகின் கோடுகளுக்குள் ஒளித்து வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சிறகின் கோடுகள் மேல் உள்ள புள்ளிகள், என்ன பீரங்கி, எவ்வளவு பெரியது என்று சொல்லுமாம்.

கே: சாரணர்கள் இடது கையால் கை குலுக்குகிறார்கள். நம் ஊரில் அது மரியாதைக் குறைவு இல்லையா? (வாசகர், கோவில்பட்டி)

ப: என் பாட்டி பார்த்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பாள். ஆப்பிரிக்காவின் அஷாந்தி வீரர்கள் இடது கைக் கேடயத்தை இறக்கிவிட்டு நீட்டும் கை அது, ‘உன்னை நம்புகிறேன்’ என்று அர்த்தம் என்பார்கள். கதை அருமையாக இருக்கிறது, அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சென்னைக்கு வந்திருக்கிறாரா? (வாசகர், அடையாறு)

ப: அடையாறுக்காரர் கேட்பதுதான் பொருத்தம். ஆரம்பத்தில் இங்கே இருந்த சாரணர் படைகள் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே. நம் பையன்களைச் சேர்க்கவில்லை. உங்கள் அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் சகா அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கிவிட்டார். தலைப்பாகை, நம் பாட்டுகள் என்று அது தனி அழகு. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கத்தைத் தன் அமைப்போடு இணைத்துக்கொண்டார்.

1937-ல் மறுபடி வந்தார். அப்போது இந்தியர்களின் குணத்தைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் இங்கே பலரைக் கொதிக்க வைத்தன, ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாகக் கிளம்பியது. உலகமெல்லாம் சகோதரர்கள் என்று பேசியவர் பேரரசு என்று வந்ததும் பழைய தளபதியாகிவிட்டார். சாரணர் பிரிவுகள் ஒன்றாகி ‘பாரத் சாரண சாரணியர்’ அமைப்பு ஆனது சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல்.

கே: கல்யாணம், குடும்பம்? (வாசகி, ஈரோடு)

ப: 55 வயதில், கப்பலில் சந்தித்த 23 வயது ஓலேவுடன். அவருக்கும் பிறந்தநாள் பிப்ரவரி 22. மூன்று பிள்ளைகள். கடைசி வருடங்களைக் கென்யாவில் நியேரியில் கழித்து, 1941 ஜனவரி 8-ல் அங்கேயே இறந்தார். கல்லறையில் ஒரு வட்டம், நடுவில் புள்ளி. சாரணர் தடக்குறியில் அதற்கு ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்று பொருள். புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

கே: என் மகன் ஆறாம் வகுப்பு. பள்ளிச் சாரணர் படையில் சேர்க்கலாமா? (வாசகி, மன்னார்குடி)

ப: தாராளமாக. சேர்ப்பதற்கு முன் சாரண ஆசிரியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள் அம்மா: வருடத்தில் எத்தனை ராத்திரி பிள்ளைகள் கூடாரத்தில் தங்குகிறார்கள்? சுதந்திர தின அணிவகுப்புக்கும், மந்திரி வந்தால் வரிசையில் நிற்கவும் மட்டும்தான் படை என்றால், ஸ்கார்ஃப் வாங்குகிற காசில் முடிச்சுப் போட்டுப் பழகப் பத்தடி நூல்கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊரில் முகாம் நடத்துகிற வேறு படை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.