வெள்ளியங்கிரி ஏற ஆக்சிஜன் கேன் வாங்கலாமா?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் மார்ச்சில் வெள்ளியங்கிரி ஏறுகிறோம். போன வருடம் நாலாவது மலையில் ஒருவனுக்குத் தலை சுற்றிக் கண் இருட்டிவிட்டது. ஆக்சிஜன் குறைவுதான் காரணமா? வாட்ஸ்அப் குழுவில் கூட்டிப் போகிறவர், ஆளுக்கு ஒரு ஆக்சிஜன் கேன் சேர்த்து 1,800 ரூபாய் கேட்கிறார். இன்னொரு நண்பன் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறான்.

பதில்: கேன் வேண்டாம். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். வெள்ளியங்கிரியை விட ஊட்டி உயரம். அங்கே பஜ்ஜி சாப்பிடுகிறவர் யாரும் கேன் தேடுவதில்லை. கேன்மேல் 10 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். செங்குத்தாக ஏறும்போது நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்றாவது இழுப்போம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சீசனில் வழிநெடுக ஆள் கூட்டம், வழிகாட்ட ஒருவருக்குப் பணம் கொடுப்பதும் வீண்.

சனிக்கிழமை வரை ஆபீஸ், இரவு முழுக்க பஸ், தூங்காமல் மலையடிவாரப் பூண்டியில் இறங்கி, வெறும் வயிற்றோடு ஏறியிருப்பீர்கள். வியர்வையில் நீரும் உப்பும் போனபின், மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். கண் இருட்டுவது அதனால்தான். முதல் நாள் ஆறு மணி நேரம் தூங்குங்கள். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன் இட்லியோ தயிர்சாதமோ சாப்பிடுங்கள். மணிக்கு அரை லிட்டர் கணக்கில் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். சுனையை நம்பிப் போகாதீர்கள், கோடையில் அது கசியும், அவ்வளவுதான்.

போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டாகக் கரைக்க வேண்டும். டெட்ரா பாக்கெட்டில் அதே பெயரில் விற்ற இனிப்புத் தண்ணீரை ஏமாந்து வாங்கியவர்கள் ஏராளம். ஐதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மருந்துக்கடையில் பொடியாகவே கேளுங்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடும் நண்பருக்குக் கணக்கு வேறு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இதில் எதுவானாலும், விரதம் இருந்து ஏறக்கூடாது. ராத்திரி சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்து மூன்றாவது மலையிலேயே கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், சம்பந்தமில்லாமல் பேசுவார். பார்ப்பவர்கள் அதை அசதி என்று நினைத்துவிடுவார்கள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்துவிட்டுக் கீழே கூட்டி வாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கிளம்பும் முன் மாத்திரை அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம் இருந்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஏறக்கூடாது. அங்கிருந்து டோலியில்தான் இறக்க வேண்டும், மணிக்கணக்காகும். “நீ இங்கேயே உக்காருடா, சாமி பாத்துட்டு வந்துடறோம்” என்று அவரைத் தனியே விடாதீர்கள். இரண்டு பேராவது கூடவே இருந்து இறக்குங்கள்.