தங்கச்சியை ஏன் வெட்டினீர்கள்?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். ஒரு போட்டிக்காகச் சிறுகதை எழுதியிருக்கிறேன். கதையின் நாயகர் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். சீதனத்துக்கு எதிராக மேடை மேடையாகப் பேசுபவர். மூத்த மகனுக்குக் கலியாணம் பேசப் போன இடத்தில், கொட்டாஞ்சேனையில் பெண் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. உங்கட பிள்ளைக்கு நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ" என்கிறார். பெண்ணின் தகப்பன் வீட்டை ஈடு வைத்து டொனேஷன் காசு கொடுக்கிறார். மாஸ்டர் அதை ஒரு சொப்பிங் பையில் வாங்கிக்கொண்டு படியிறங்குவதோடு கதை முடிகிறது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பாதிப் பேர் மாஸ்டர் வேஷக்காரர் என்கிறார்கள். மற்றவர்கள் அவர் பலவீனமான சாதாரண மனிதர் என்கிறார்கள். என் அப்பாவை மனதில் வைத்துத்தான் எழுதினேன். உண்மையில் அந்தக் காசு என்னுடைய கலியாணத்துக்குத்தான் போனது. கதை நீண்டுவிடும் என்று தங்கச்சி பாத்திரத்தை வெட்டிவிட்டேன். ஒரு பாத்திரத்தை எப்போது வேஷக்காரர் என்று முடிவாகச் சொல்லலாம்? 'வேஷம்' என்ற தலைப்பு பொருந்துமா?

பதில்: பிள்ளை, கடிதத்தில் ஒரு வசனத்தை மட்டும் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். "கதை நீண்டுவிடும் என்று தங்கச்சி பாத்திரத்தை வெட்டிவிட்டேன்." போகிற போக்கில், எழுத்துப்பிழை திருத்தியதைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதும் அந்த வசனத்துக்குள்தான் கிடக்கிறது.

"அப்பா ஊருக்கு ஒரு மாதிரி, வீட்டுக்கு ஒரு மாதிரி" என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. எழுதுகிறவர்கள் எல்லாரும் "பெற்றோரும் மனிதர்கள்தானே, மனதை ஆற்றுங்கள்" என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். உங்கள் மனம் நன்றாகத்தான் ஆறியிருக்கிறது. இல்லாவிட்டால் அப்பாவின் கதையைப் போட்டிக்கு அனுப்ப மாட்டீர்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன். எங்கள் பக்கத்தில் சீதனம் வேறு, டொனேஷன் வேறு. சீதனம் பெண்ணுக்குக் கொடுப்பது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி அது அவளுடைய சொத்து. இந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளட்டாக அது வரலாம். டொனேஷன் என்பது மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போகும் காசு. பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரிகளைக் கரைசேர்க்கத்தான் அது போகும். ஒரு வீட்டுப் பெண்ணின் கலியாணக் காசு இன்னொரு வீட்டுப் பெண்ணின் கலியாணக் காசாகும். இந்தியாவில் 1961 இல் சீதனத் தடைச் சட்டம் வந்தது. இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே உங்கள் மாஸ்டர் சட்டம் எதையும் மீறவில்லை. அவரைப் பிடிக்கக்கூடியது அவருடைய சொந்த வாய் ஒன்றுதான்.

இனிக் கேள்விக்கு வருவோம். சொல்லும் செயலும் வேறாக இருப்பவரையெல்லாம் வேஷக்காரர் என்றால் கதையில் ஒருவரும் மிஞ்ச மாட்டார். சொல்லியபடி நடப்பது அரிது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். போலி ஒழுக்கத்துக்கு அவர் வைத்த அளவுகோல் வேறு. கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் ஒரு பசு வருகிறது. புலித்தோலைப் போர்த்திக்கொண்டு போய் மேய்கிறது. கவனிக்க வேண்டியது அது மேய்வதை. தோல் அதற்குப் புல் வாங்கித் தருகிறது. ஆகவே மாஸ்டரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, மேடைப் பேச்சு அவருக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்பதுதான். பெண்ணின் தகப்பன் "சீதனம் வேண்டாம் என்கிற வீடு" என்று நம்பி வந்தவரா? அந்தப் பேரால்தான் பேச்சு சுலபமாக முடிந்ததா? கதையில் இது இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் எழுதுங்கள். இருபது பக்க விளக்கம் செய்யாததை இரண்டு வரி செய்யும்.

முத்தநாதனை நினைவிருக்கும். மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்தவன். உடம்பெல்லாம் நீறு, கையில் ஆயுதத்தை மறைத்த புத்தகக் கட்டு. "மைபொதி விளக்கேயென்ன மனத்தினுட் கறுப்பு வைத்து" என்று சேக்கிழார் அவன் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுகிறார்; வாசகருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முத்தநாதன் ஒரு நாளும் சிவனடியாராக இருக்க ஆசைப்பட்டவன் அல்ல. அவன் வேஷம் போட்ட கொலைகாரன். உங்கள் அப்பா அந்த வகை இல்லை. மேடையில் பேசியதை அவர் நம்பித்தான் பேசியிருப்பார். அதனால்தான் உங்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்தது.

எழுதுகிறவருக்கு அதிகம் உதவக்கூடியவர் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர். அவருடைய 'தார்த்துய்ஃப்' 1664 இல் வெர்சாயில் மேடையேறி, உடனேயே பொதுமேடையில் தடைசெய்யப்பட்டு, 1669 இல்தான் தடை நீங்கியது. பக்திமானாக நடித்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்குள் புகுந்து, வீட்டுக்காரரின் மனைவியின்மேல் கண்வைத்து, சொத்தையும் எழுதி வாங்குகிறவனின் கதை. முதல் இரண்டு அங்கங்களில் அவன் மேடைக்கே வருவதில்லை. வீட்டார் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாம் அங்கத்தில் வருகிறான். வேலைக்காரி டொரீன் நிற்பதைக் கண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறான். உடலை வருத்துவதற்கு அணியும் முரட்டுச் சட்டையையும் சவுக்கையும் எடுத்து வைக்கும்படி தன் ஆளுக்கு உரக்கச் சொல்கிறான். அவள் அங்கே இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. நாடகம் முழுவதிலும் அவன் தனியாக நின்று தன் மனதோடு பேசும் இடம் ஒன்றுகூட இல்லை. பார்க்க ஆள் இல்லாத தார்த்துய்ஃபை மொலியேர் நமக்குக் காட்டவே இல்லை.

ஷேக்ஸ்பியரின் ஏஞ்சலோ நேர்மாறு. 1604 இல் ஆங்கில அரசவையில் நடிக்கப்பட்ட 'மெஷர் ஃபொர் மெஷர்' நாடகத்தில் வருகிறவன். கலியாணத்துக்கு முன் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிய குற்றத்துக்குக் கிளோடியோ என்ற இளைஞனுக்கு மரணதண்டனை விதிக்கிறான். உயிர்ப்பிச்சை கேட்டு வந்த தங்கையிடமே, என் ஆசைக்கு இணங்கினால் விடுகிறேன் என்கிறான். ஆனால் ஏஞ்சலோவுக்குத் தனிமைப் பேச்சு இருக்கிறது. தனக்குள் எழுந்த ஆசையைக் கண்டு அவனே திகைத்து, நீ யார் என்று தன்னையே கேட்கிறான். அந்த நிமிடத்தில் அவன் வேஷக்காரன் இல்லை, விழுந்தவன். அந்தப் பெண்ணை அடைந்துவிட்டதாக நம்பிய பிறகும் அவளுடைய அண்ணனின் தலையை வெட்டச் சொல்கிறானே, அந்த இடத்தில்தான் வேஷம் முழுமையாகிறது. ஒரே குற்றம். அவனுக்கு மரணம், தனக்கு மன்னிப்பு.

இதை வைத்துக்கொண்டு உங்கள் விறாந்தைக்குப் போவோம். "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை" என்பது நல்ல வசனம், பிள்ளை. கதையில் அதைவிட நல்ல வசனம் இருக்கப்போவதில்லை. பேச்சும் காப்பாற்றப்படுகிறது, காசும் வருகிறது. கொழும்பில் அந்த வசனத்தைக் கேட்காத கலியாணப் பேச்சு எத்தனை? ஆனால் அதைச் சொல்லும்போது மாஸ்டரைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் படியிறங்கிவிடுகிறார், கதையும் முடிந்துவிடுகிறது. சொப்பிங் பை வீட்டுக்கு வந்ததும் எங்கே வைக்கப்பட்டது? அலுமாரியிலா, சாமியறையிலா? இரவு யார் எண்ணினார்கள்? மனைவி ஏதாவது கேட்டாவா? அடுத்த வருடம் அதே மேடைக்குக் கூப்பிட்டபோது போனாரா, சுகமில்லை என்று சொல்லிவிட்டாரா? போய்ப் பேசினார் என்றால், முன்வரிசையில் சம்பந்தி இருந்தாரா?

உயிரோடு இருக்கும் மனிதரின் மனதை நாம் கடைசிவரை அறிய முடியாது. கதாபாத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. தாளில் இருப்பதுதான் அவருடைய முழு மனது. நீங்கள் எதை வெட்டினாலும் அது அவருக்கு இல்லாமல் போய்விடும். சாட்சி சொல்பவரும் நீங்கள், சாட்சியைத் தெரிந்தெடுப்பவரும் நீங்கள், தீர்ப்பும் உங்களுடையது. முக்கியமான சாட்சியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வட்டத்தில் கை உயர்த்தச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாக்குகள் எதற்கு உதவும்?

தங்கச்சியைச் சேர்த்தால் அப்பா தப்பிவிடுவார் என்று நினைத்து வெட்டியிருப்பீர்கள். அங்கேதான் கணக்குப் பிழைத்தது. தங்கச்சி இல்லாத மாஸ்டர் வெறும் பேராசைக்காரர். வாய் பெரிது, கை நீளம். "படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், கதையே தேவையில்லை. தங்கச்சி உள்ளே வந்தால் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது: அடுத்த அறையில் கலியாணத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்தக் காரணம் அவரை மனிதராக்கும். அதே காரணம் அவரை முழு வேஷக்காரராகவும் ஆக்கும். ஏனென்றால் மேடையில் அவர் திட்டித் தீர்த்த மாப்பிள்ளைத் தகப்பன்மாரில் எத்தனை பேர் வீட்டில் இதேபோல ஒரு மகள் இருந்திருப்பாள்! அவர்களுக்கு ஒரு நாளும் கொடுக்காத சலுகையைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறார். நான் பார்க்கும் அடையாளம் அதுதான். தனக்கு ஒரு நியாயம் வைத்திருந்து, அதே நியாயத்தை அடுத்தவருக்கு மறுக்கிறாரா? மறுத்துக்கொண்டே மேடையில் நின்றால் வேஷக்காரர். அதற்குப் பிறகு வாய் அடங்கி, அடுத்த தகப்பனைத் திட்ட முடியாமல் தடுமாறினால் அவர் தோற்றுப்போனவர். உங்கள் அப்பா இதில் எவர் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இனி உங்களைப் பற்றி. பெற்ற தகப்பனைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அப்பா செய்தது பிழை என்றால் எழுதுங்கள், நானே வாசிக்கிறேன். ஆனால் அந்தக் காசில் தாலி ஏறிய மகள், அந்த மகளைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு எழுதக்கூடாது. கலியாணத்தன்று உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீடுகளில் பெண்ணிடம் கேட்பதில்லை. இன்றுவரை நீங்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை, ஆகவே உங்களை யாரும் வேஷக்காரி என்று சொல்ல முடியாது. இந்தக் கதை இப்படியே உங்கள் பெயரில் அச்சேறிப் பரிசும் வாங்கினால் சொல்லலாம். அப்போது புலித்தோல் உங்களுடையது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கடிதம் முழுக்க அப்பா, அப்பா, அப்பா. உங்கள் மச்சாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கதையில்கூட அந்தப் பெண் "பெண் வீடு" என்பதற்குள் அடங்கிவிட்டா. ஈடு வைத்தது அவவின் தகப்பன். அந்த வீடு மீட்கப்பட்டதா? கதைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகக் கேட்கிறேன். மீட்கப்படவில்லை என்றால், அப்பாவின் குணத்தை ஆராய்வதற்கு முன்னால் நீங்களும் கணவரும் அண்ணாவோடு இருந்து கணக்குப் பாருங்கள். தகப்பன் பட்ட கடனில், அதுவும் தன் பேரால் பட்ட கடனில், மகளுக்குப் பங்கு இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சீதனம் கெட்டது என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. கெட்டது என்று எழுதுவதைவிட, வாங்கியதில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுப்பது கஷ்டமான வேலை. அதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

கதையை அப்பாவிடம் முதலில் காட்ட வேண்டாம். மச்சாளிடம் காட்டுங்கள். அவ கதை வாசிக்கிற ஆளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வாசிக்காவிட்டால் நீங்கள் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். அந்த விறாந்தையில் அன்று அவ எங்கே நின்றா, என்ன கேட்டா, தகப்பனின் முகத்தில் என்ன கண்டா என்று கேட்டு எழுதுங்கள். அது உங்கள் கற்பனையில் வராது.

தலைப்பு: 'வேஷம்' வேண்டாம். வாசகர் முதல் வரிக்கு வருவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. 'டொனேஷன்' என்று வையுங்கள். போட்டியின் முடிவுத் திகதி நெருங்கிவிட்டது என்றால் இந்த முறை விட்டுவிடுங்கள், அடுத்த வருடமும் போட்டி வரும். கதை நீளுமென்றால் நீளட்டும். சொற்கணக்குக்கு வெட்டத்தான் வேண்டுமென்றால் மாஸ்டரின் மேடைப் பேச்சை வெட்டுங்கள். அதை நாங்கள் எல்லாரும் எத்தனையோ தடவை கேட்டாயிற்று.