வங்கியில் விழுந்த காசு விற்பனை ஆகாது

ஆன்லைன் தளங்களில் விற்பது, வாங்குவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

*கிருஷ்ணகிரி வாசகர்: மாம்பழக் கூழ் 850 கிராம் டின் இரண்டை ஒரு பெட்டியாகக் கட்டி 500 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிறேன். கைக்கு வருவது 290 ரூபாய் சொச்சம். அதையே விற்பனையாகக் காட்டி ஜிஎஸ்டி கட்டுகிறேன். சரிதானே ஐயா?*

சரியில்லை. வாடிக்கையாளர் கொடுத்தது 500. உங்கள் விற்பனை அதுதான். 290 என்பது தளம் தன் கூலியைக் கழித்துக்கொண்டு அனுப்பிய மீதி.

500-ஐப் பிரித்துப் பார்ப்போம். மாம்பழக் கூழுக்கு 22.9.2025 முதல் வரி 5 சதவீதம். அதற்கு முன் 12. விலைக்குள் வரி அடக்கம் என்பதால் சரக்கு மதிப்பு ரூ.476.19, ஜிஎஸ்டி ரூ.23.81. தளத்தின் கழிவுகள் தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு பேச்சுக்கு கமிஷன் 12 சதவீதம் ரூ.60, நிலைக்கட்டணம் ரூ.25, கூரியர் ரூ.90 என்று வையுங்கள். மொத்தம் ரூ.175. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.31.50. ஆக ரூ.206.50 போயிற்று. அடுத்து டிசிஎஸ், அதாவது தளம் உங்களிடம் பிடித்து ஜிஎஸ்டிக்காக அரசிடம் கட்டும் தொகை: சரக்கு மதிப்பில் அரை சதவீதம், ரூ.2.38. இது 2018 அக்டோபரில் 1 சதவீதமாகத் தொடங்கி, 10.7.2024 முதல் பாதியானது. வருமான வரிக்கான டிடிஎஸ் 0.1 சதவீதம், 48 காசு. தனிநபராக இருந்து, பான் எண் கொடுத்து, அந்தத் தளத்தில் ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாதவருக்கு இந்த டிடிஎஸ் கிடையாது. எல்லாம் போக நிற்பது ரூ.290.64. உங்கள் கைக்கு வந்தது அதுதான்.

இதில் கமிஷனும் கூரியரும் செலவு. டிசிஎஸ், டிடிஎஸ் இரண்டும் செலவல்ல. உங்கள் பெயரில் அரசிடம் முன்கூட்டியே கட்டப்பட்ட பணம். ரூ.31.50-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கும் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தளத்தின் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற உங்கள் உள்ளீட்டு வரிப் பட்டியலில் வரவே வராது.

ஒன்றைக் கவனித்தீர்களா? நீங்கள் வசூலித்த வரி ரூ.23.81; தளத்துக்குக் கொடுத்த வரி ரூ.31.50. 5 சதவீதப் பொருள் விற்பவருக்குப் பெட்டிக்கு ஏழு ரூபாய் சொச்சம் கிரெடிட்டாகக் குவிந்துகொண்டே போகும். கமிஷன், கூரியர் போன்ற சேவைகளுக்குக் கட்டிய வரியை 'தலைகீழ் வரி' (விற்பதற்கான வரி விகிதத்தைவிட வாங்குவதற்கான விகிதம் அதிகமாக இருப்பது) ரீஃபண்ட் கணக்கில் சேர்க்க முடியாது. உச்ச நீதிமன்றமும் 2021-ல் அந்த விதியை உறுதி செய்துவிட்டது. விலை வைக்கும்போதே இதைச் செலவாக எண்ணிக்கொள்வது நல்லது.

உங்கள் பெயரில் எவ்வளவு விற்றது என்று தளம் மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் அரசுக்குச் சொல்லிவிடுகிறது. அவர்கள் 476 என்று சொல்ல, நீங்கள் 290 என்று சொன்னால் நோட்டீஸ் வருவதில் வியப்பில்லை. தளத்தில், கைக்கு வந்த பணத்தைக் காட்டும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு, வரி ரிப்போர்ட்டை இறக்கி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 போடுங்கள். தளம் வழியாக விற்றதை அதே படிவத்தின் 14-ஆம் அட்டவணையிலும் காட்ட வேண்டும். பழைய மாதங்களில் விட்டுப்போனதை அடுத்து வரும் ரிட்டர்னில் சேர்த்து, வரி பாக்கி நின்றால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கட்டிவிடுங்கள். நோட்டீஸ் வந்தபின் கட்டுவதைவிட அது மலிவு.

*காரிமங்கலம் வாசகர்: டிசிஎஸ் பிடித்தம் 14 மாதமாக அப்படியே கிடக்கிறது. ஆடிட்டர் "தானாக வரும்" என்கிறார்.*

தானாக வராது. தளம் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள், முந்தைய மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-8 போட வேண்டும். அதன்பின் உங்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ரிட்டர்ன் பகுதிக்குள் போய் மாதத்தைத் தேர்ந்தால் 'டிடிஎஸ், டிசிஎஸ் கிரெடிட் ரிசீவ்டு' என்ற கட்டம் தெரியும். அதில் தளத்தின் பெயருக்கு நேரே உள்ள தொகையைச் சரிபார்த்து, ஏற்கிறேன் என்று கொடுத்து, ஓடிபி போட்டு ஃபைல் செய்ய வேண்டும். அப்போதுதான் பணம் கேஷ் லெட்ஜரில், அதாவது ஜிஎஸ்டி போர்ட்டலில் உள்ள உங்கள் ரொக்கக் கணக்கில் ஏறும். 14 மாதத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். தொகை தப்பாக இருந்தால் நிராகரியுங்கள். தளம் திருத்தி அனுப்பும்.

கேஷ் லெட்ஜரில் ஏறியது ரொக்கம் மாதிரி. வரி, வட்டி, அபராதக் கட்டணம் எதற்கும் பயன்படும். கட்ட எதுவுமில்லை என்றால் ஆர்எஃப்டி-01 படிவத்தில், கேஷ் லெட்ஜரின் கூடுதல் இருப்பு என்று காட்டி வங்கிக்கே வாங்கிக்கொள்ளலாம். முன் பதிலில் சொன்ன சேவை வரி கிரெடிட்டுக்கு இந்த வழி கிடையாது.

*ஓசூர் வாசகி: வீட்டில் தொக்கு, பொடி செய்கிறேன். ஜிஎஸ்டி எண் இல்லை. ஆன்லைனில் போட்டால் பாதி ஆர்டர் பெங்களூரில் இருந்துதான் வரும். விற்கலாமா?*

தமிழ்நாட்டுக்குள் விற்கலாம் அம்மா. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி தாண்டக் கூடாது. 1.10.2023 முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் உள்ளவர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளங்களில் சரக்கு விற்கலாம் என்று தளர்த்தினார்கள். நிபந்தனை: ஜிஎஸ்டி போர்ட்டலில் பான் எண் கொடுத்து ஒரு பதிவெண் வாங்க வேண்டும், ஒரே மாநிலத்தில் இருந்து விற்க வேண்டும், வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) உள்ளவரும் இதேபோல் வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. இரு வகையினருக்கும் தளம் தன் கூலியின்மேல் பிடிக்கும் 18 சதவீத வரி திரும்ப வராது.

ஓசூரில் இருப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல் என்பது புரிகிறது. பெரிய சந்தை முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்க, அனுமதி கன்னியாகுமரி வரைக்கும் நீள்கிறது. தளத்தை விட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி பெங்களூருக்கு பார்சல் போட்டாலும் அது மாநிலம் கடந்த விற்பனையே. அந்த வியாபாரம் வேண்டும் என்றால் வழக்கமான ஜிஎஸ்டி பதிவு எடுத்துவிடுங்கள்.

பதிவு எடுத்தபின் இன்னொரு கண்ணி உண்டு. 'எங்கள் கிடங்கில் சரக்கை வையுங்கள், சீக்கிரம் போய்ச் சேரும்' என்று தளம் கேட்கும். கிடங்கு தமிழ்நாட்டில் இருந்தால் அதைக் கூடுதல் வணிக இடமாக உங்கள் பதிவில் சேர்த்தால் போதும். கர்நாடகத்தில் இருந்தால் அந்த மாநிலத்தில் தனியாக ஜிஎஸ்டி எண் வேண்டும், ரிட்டர்னும் தனி.

*தேன்கனிக்கோட்டை வாசகர்: புளி மட்டும் விற்கிறேன். எனக்கும் டிசிஎஸ் உண்டா?*

காய்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் வரி இல்லை. வரி உள்ள சரக்குக்குத்தான் டிசிஎஸ். வரிவிலக்குப் பொருள் மட்டுமே விற்பவருக்குப் பதிவும் கட்டாயமில்லை. புளிக்கரைசல், புளி பேஸ்ட் சேர்த்தால் கதை வேறு.

*பர்கூர் வாசகர்: சேலை விற்கிறேன். பத்துக்கு மூன்று திரும்பி வருகிறது. திரும்பியதற்கும் வரி கட்டவா?*

வேண்டாம். ஆனால் திரும்பி வருவது இரண்டு விதம். முதலில் அதைப் பிரியுங்கள். வீட்டில் ஆள் இல்லை, வாங்க மறுத்துவிட்டார் என்று கூரியரோடு திரும்புவது ஒன்று. கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புவது இன்னொன்று. முதல் வகைக்குப் பல தளங்கள் திரும்பும் கூரியர் கூலி பிடிப்பதில்லை. இரண்டாவதற்குப் போன கூலி, வந்த கூலி இரண்டும் உங்கள் தலையில் விழலாம். நீங்கள் தளத்தில் சேர்ந்த நாளில் இருந்த கட்டண அட்டவணை மாறியிருக்கும். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.

வரிக்கு, திரும்பிய சேலைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு, அது போட்ட மாதத்தின் விற்பனையில் கழியுங்கள். மார்ச்சில் விற்றது ஏப்ரலில் திரும்பினால் ஏப்ரலில் கழிவு. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை காட்டலாம். அதற்குப் பிறகு அந்த வரி போனது போனதுதான். கமிஷனைத் தளம் திருப்பித் தந்தால் அதுவும் கிரெடிட் நோட்டாக வரும். முன்பு எடுத்த உள்ளீட்டு வரியை அந்த அளவுக்குக் குறைக்க மறக்காதீர்கள். இதை விடுபவர்கள் அதிகம்.

டிசிஎஸ் பிடிப்பதும் திரும்பியது போக மிச்சத்துக்குத்தான். தீபாவளி முடிந்த மாதத்தில் விற்றதைவிடத் திரும்பியது அதிகமானால் தளம் மைனஸ் காட்ட முடியாது. அந்த மிச்சம் அடுத்த மாதத்துக்கும் போகாது.

வேறு சேலை, கறைபட்ட சேலை திரும்பினால், பார்சலின் பார்கோடு தெரியத் தொடங்கி, பிரித்து, உள்ளே இருப்பதைக் காட்டும் வரை வெட்டாத ஒரே வீடியோ எடுங்கள். கோரிக்கை வைக்கக் கெடு சில நாள்தான். பார்சல்களை வாரக் கடைசியில் மொத்தமாகப் பிரிப்பவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

*தருமபுரி வாசகி: ராகி முறுக்கு 600 கிராம் பார்சலுக்கு 2 கிலோ கூலி பிடித்தார்கள். ஏமாற்றா?*

ஏமாற்று இல்லை, அட்டைப்பெட்டி பெரிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவது கன எடை. தராசு எடையும் இதுவும் எது அதிகமோ அதற்கே கூலி. 30 × 20 × 15 பெட்டி 1.8 கிலோ ஆகிறது, அதனால் 2 கிலோ வரையிலான கட்டணப் படி. 24 × 16 × 10-க்கு மாற்றினால் 0.77 கிலோ, 1 கிலோ படிக்குள் வந்துவிடும். அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தளம் அளவைத் தப்பாகப் பதிந்தால் மறுக்க உதவும்.

*அரூர் வாசகர்: வாங்கிய மிக்சி பழுது. திருப்பி அனுப்பி 20 நாள் ஆகிறது, பணம் வரவில்லை. "விற்றவரைக் கேளுங்கள்" என்கிறது தளம்.*

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்றவர் மறுக்க முடியாது. தளமும் கைகழுவ முடியாது. குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசியது போதாது. அந்த அதிகாரிக்கே ஆர்டர் எண், பார்சலைத் திருப்பி எடுத்த நாள், எடுத்துச் சென்றதற்கான ரசீது மூன்றையும் வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பணம் 'அனுப்பிவிட்டோம்' என்று சொன்னால் வங்கிப் பரிமாற்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து வங்கி ஒரே நிமிடத்தில் உண்மை சொல்லிவிடும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். தளத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.