போகக் கப்பல் உண்டு, திரும்ப?

கேள்வி: பிரிட்டனில் திருடிப் பிடிபட்டவனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிறையும் இல்லை, மதிலும் இல்லை. தண்டனை முடிந்ததும் நிலம் வேறு கொடுத்தார்கள். இது தண்டனையா, பரிசா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பரிசு வாங்கக் கப்பலேறியவர்கள் கதையைக் கேளுங்கள். 1790-இல் சிட்னிக்குப் போன இரண்டாம் கப்பல் தொகுதியில், ஒப்பந்தக் கம்பெனியின் மூன்று கப்பல்களில் மட்டும் சுமார் ஆயிரம் கைதிகள். அடிமை வியாபாரத்தில் ஊறிய கம்பெனி அது. காலில் பூட்டிய விலங்கும் அடிமைக் கப்பல் விலங்குதான். சங்கிலிக்குப் பதில் குட்டையான இரும்புக் கம்பி. ஒரு காலிலிருந்து இன்னொரு காலை ஓரிரு அங்குலத்துக்கு மேல் விலக்க முடியாது. அசைந்தாலே கால் முறியும் அபாயம். அரசு கம்பெனிக்குக் கொடுத்த கூலி தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். அதுவும் ஏற்றிய தலைக்கு. வழியில் செத்தால் கம்பெனிக்குச் சாப்பாடு மிச்சம்! நாலில் ஒருவர் கரை சேரவில்லை. உயிரோடு இறக்கினால் கூடுதல் தொகை என்று பிறகு ஒப்பந்தம் மாறியது. 1815 முதல் கப்பலுக்கொரு டாக்டரும் வந்தார். சாவு வெகுவாகக் குறைந்தது.

சிறை இல்லை என்கிறீர்கள். போர்ட் ஆர்தர், நார்ஃபோக் தீவுத் தண்டனை முகாம்கள் பின்னே என்னவாம்? ஆனால் அங்கே போனவர்கள் பெரும்பாலும் மறுபடி குற்றம் செய்தவர்கள். மற்றவர்களில் பெரும்பகுதியைக் குடியேறிய பண்ணைக்காரர்களிடம் சம்பளமில்லா வேலையாளாக ஒப்படைத்தார்கள். 1830-களில் நியூ சவுத் வேல்ஸில் (சிட்னி இருந்த காலனி) எஜமான் வாரத்துக்கு அளக்க வேண்டியது: 12 ராத்தல் கோதுமை, 7 ராத்தல் மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, உப்பும் சோப்பும் இரண்டிரண்டு அவுன்ஸ். வருஷத்துக்கு மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, மூன்று ஜோடி பூட்ஸ். இங்கிலாந்தில் பல ஏழைக் கூலிகள் இவ்வளவு இறைச்சியைக் கண்டதில்லை என்பது நிஜம். டீ, சர்க்கரை, புகையிலை மட்டும் பட்டியலில் கிடையாது; அவை எஜமான் மனசு வைத்தால் கிடைப்பவை. ஆளை அடக்க அதுவே பாதி போதும்.

மீதிப் பாதிக்குச் சவுக்கு. எஜமான் தன் கையால் அடிக்கக் கூடாது, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். மாஜிஸ்திரேட் யார்? பல ஊர்களில் பக்கத்துப் பண்ணைக்காரர்! எதிர்த்துப் பேசினான், வேலையில் சோம்பினான் என்று புகார் சொன்னால் ஒன்பது வால் சவுக்கால் 25 அடி, 50 அடி.

தப்பில்லாமல் ஒரே எஜமானிடம் இருந்தால் விடுப்புச் சீட்டு கிடைக்கும். ஏழு வருஷக்காரனுக்கு 4 வருஷத்தில், பதினாலு வருஷக்காரனுக்கு 6, ஆயுள் கைதிக்கு 8. இனிச் சொந்தமாகக் கூலிக்குப் போகலாம். ஆனால் குறித்த வட்டாரத்தை விட்டு நகரக் கூடாது. உயரம், கண் நிறம், தலைமுடி எல்லாம் அந்தக் காகிதத்தில் பதிவு. ஒரு புகார் வந்தால் சீட்டு ரத்து.

நிலத்துக்கு வருவோம். தொடக்க விதிப்படி விடுதலையானவனுக்கு 30 ஏக்கர், மனைவி இருந்தால் கூடுதலாக 20, பிள்ளைக்குப் பத்துப் பத்து. கொடுத்த அரசுக்கு அந்த நிலம் எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த பழங்குடிகளைக் கேட்க வேண்டும். 1831-இல் இலவசமும் நின்றது, ஏலம் வந்தது. போலிப் பத்திரம் தயாரித்து நாடு கடத்தப்பட்ட பிரான்சிஸ் கிரீன்வே அரசுக் கட்டடக் கலைஞராகி, பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் 10 டாலர் நோட்டிலேயே இடம்பிடித்தார் (போலிப் பத்திரக்காரருக்குப் பொருத்தமான இடம்தான்). இப்படி நாலு பேரைக் காட்டித்தான் உங்கள் 'பரிசு' கதை ஓடுகிறது.

தீர்ப்பில் பலருக்கு எழுதியது ஏழு வருஷம். ஏழு முடிந்ததும் விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும். ஊர் திரும்பக் கப்பல் கட்டணத்தை அரசு கொடுக்காது. ஆண்கள் மாலுமி வேலை பார்த்தாவது கப்பலேறினார்கள். சுமார் 25,000 பெண் கைதிகளுக்கு அந்த வழியும் கிடையாது.